நத்தை என்றொரு ஜெனரல்

என் அண்ணன் ஜெனரல் ஆன பிறகு, அவன் அறைக்குள் நுழைகிற எல்லோரும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். நான் ஒருத்திதான் "கொஞ்சம் தள்ளி உக்காருண்ணே" என்பேன். எங்களுக்குள் மூன்று வயதுதான் வித்தியாசம். அதனால் இங்கேயும் அவனை 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். மெடல் குத்த நெஞ்சில் இடம் போதாத மனிதரை இப்படியா எழுதுவது என்று யாருக்காவது கோபம் வந்தால், அவனிடமே போய்ச் சொல்லட்டும். சிரிப்பான்.

படையில் அவனுக்கு வைத்த பெயர் நத்தை. சிப்பாயாகச் சேர்ந்த முதல் வாரமே வைத்துவிட்டார்கள். காலை ஓட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் ஓடி முடித்து, குளித்து, தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கும்போதுதான் இவன் கேட்டுக்குள் வருவான். டிரில் மாஸ்டர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "வாங்க நத்தை சார், வாங்க! இலை போட்டு வெச்சிருக்கோம்!" என்று கத்துவாராம். மைதானமே சிரிக்கும். இவனும் சேர்ந்து சிரிப்பான்.

ஆனால் ஒன்று. முதுகில் மூட்டையோடு மலை ஏறும் நெடும்பயணங்களில், பறந்துபோன பையன்கள் பாதியில் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இவன் மட்டும் கிளம்பின அதே வேகத்தில் வந்து சேருவான். சில நாள் முதுகில் ஒரு மூட்டை, நெஞ்சில் இன்னொருவன் மூட்டை. டிரில் மாஸ்டர் அதையும் பார்த்தார். அவர்தான் அவனை அதிகாரிகள் தேர்வு எழுதச் சொன்னார். பஸ் டிரைவர் மகன், டவுன் பள்ளிக்கூடத்தில் படித்தவன், கேப்டன் ஆகிவிட்டான். அப்பா அன்றைக்குத் தன் பஸ்ஸில் ஏறின எல்லோரிடமும் சொன்னார். இறங்கினவர்களைக் கூப்பிட்டும் சொன்னார்.

அதோடு நின்றிருக்கலாம். அவனுக்குச் சிறப்புப் படையில் சேர வேண்டும். விமானத்திலிருந்து குதிக்கிறவர்கள், தண்ணீருக்கடியில் போகிறவர்கள், முகம் காட்டாதவர்கள். தேர்வுக்குப் போனான். ஓட்டம் தாண்டினான், மலை தாண்டினான், தூக்கமில்லாத வாரத்தைத் தாண்டினான். நீச்சல்குளத்தில் இறக்கிவிட்டார்கள். கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். இரண்டு பேர் குதித்துத் தூக்கி வந்தார்கள்.

எங்கள் ஊரில் துறைமுகம் உண்டு. ஆனால் அவன் கடலைப் பார்த்ததெல்லாம் அப்பாவின் பஸ் ஜன்னல் வழியாகத்தான்.

விடுமுறையில் வந்தவன் நேராக நான் வேலை பார்க்கும் நகராட்சி நீச்சல்குளத்துக்கு வந்து நின்றான். நான் அப்போது அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் கத்துக் குடு. வீட்ல மூச்சு விடாத."

"பெரியவங்க வகுப்புல இடம் இல்லண்ணே. காலையில குழந்தைங்க வகுப்புதான் இருக்கு."

"குழந்தைங்களுக்குத் தண்ணி எவ்வளவு ஆழம்?"

"உனக்கு இடுப்பு வரைக்கும் வரும்."

"ரொம்ப நல்லது. அங்கேயே சேர்த்துக்க."

மறுநாள் காலை, ஆரஞ்சு நிற மிதவை கட்டின வாண்டுகளுக்கு நடுவே ஆறடி உயரக் கேப்டன் ஒருவன் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்துப்போயிருந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆனால் கம்பியை விடுவதாக இல்லை. முன்பல் விழுந்த ஒரு சிறுமி அவன் தொடையைத் தட்டி, "அங்கிள், மூக்கைப் புடிச்சுக்கிட்டு உள்ள போங்க. கண்ணைத் தொறந்து பாருங்க, நல்லா இருக்கும்" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

விடுமுறை முடிவதற்குள் பெரிய குளத்தை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகக் கடந்தான். அழகாக நீந்தினான் என்று சொல்லமாட்டேன். வெள்ளத்தில் பீரோ போகிற மாதிரி இருக்கும். ஆனால் முழுகவில்லை. குழந்தைகள் எல்லாம் கைதட்டினார்கள். அடுத்த வருடம் சிறப்புப் படையில் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு சில வருடங்கள் அவன் எங்கே இருந்தான், என்ன செய்தான் என்று எங்களுக்குத் தெரியாது. போன் வரும். "சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்பாள். "சாப்பிட்டேன்மா." அவ்வளவுதான்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் துறைமுகத்தில் அந்தக் கப்பல் பிடிபட்டது. தீவுக்கும் நகரத்துக்குமாக ஆட்களை ஏற்றிப்போகும் பயணிகள் கப்பல். துப்பாக்கியோடு ஏறின ஒரு கும்பல் அதை நடுத் துறைமுகத்தில் நிறுத்தி நங்கூரம் போட்டுவிட்டது. பயணிகளைக் கீழ்த்தளக் கூடத்தில் உட்காரவைத்து, நடுவில் வெடிகுண்டுப் பெட்டி. டிவியில் வேறு எதுவும் ஓடவில்லை. அப்பா மட்டும் டிவியைப் பார்த்துப் பொரிந்துதள்ளினார். கரையோரச் சாலையை மூடிவிட்டதால் அவர் பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

"எவனோ நாலு பேரு பண்ணுற வேலைக்கு என் வண்டி ஏன் சுத்தணும்? சீக்கிரம் முடிச்சுத் தொலைங்கடா!"

முடிக்கப்போகிறவன் தன் மகன் என்பது அவருக்குத் தெரியாது.

அதிகாலைப் பனிமூட்டத்தில் அண்ணனும் அவன் ஆட்களும் தண்ணீருக்கடியில் கப்பலை நோக்கிப் போனார்கள். வழியில் ரேடியோக்காரர் காணாமல்போனார். வயர்லெஸ்ஸைச் சுமந்து வருகிறவர். அவர் இல்லாவிட்டால் குழு ஊமை. அண்ணன் மற்றவர்களை நங்கூரச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்கச்சொல்லிச் சைகை காட்டிவிட்டு, ஒற்றை ஆளாகத் திரும்பி நீந்தினான். கிழிந்த மீன்வலை ஒன்று ரேடியோக்காரரைச் சுற்றிக்கொண்டிருந்தது. உதற உதற இறுகியது. அண்ணன் அவர் தோளை அழுத்திப் பிடித்து, அசையாதே என்று கண்ணாலேயே சொன்னான். பிறகு கத்தியை எடுத்து ஒவ்வொரு இழையாக அறுத்தான். அவசரமே படவில்லை. "எனக்கு உயிர் போகுது, இவரு பூ தொடுக்குற மாதிரி பொறுமையா அறுக்குறாரு" என்று ரேடியோக்காரர் இன்றைக்கும் சொல்லுவார்.

சங்கிலி வழியாக ஏறினார்கள். முதலில் அகப்பட்டது சமையலறை. மாவு மூட்டைகளுக்குப் பின்னால் கப்பலின் சமையல்காரர் பதுங்கிக்கொண்டிருந்தார்.

"மேல்தளத்துல தூங்கறவங்க தூங்கறாங்க, மத்தவங்க சீட்டாடுறாங்க. கூடத்துல ஒருத்தன்தான். ஆனா அவன் கையில குண்டோட விசை இருக்கு சார். அழுத்தியே புடிச்சிருக்கான். விரலை எடுத்தா வெடிக்கும்னு சொல்லிச் சொல்லி மிரட்டுறான். இப்ப டீ கேட்டான்."

அதாவது அவனைச் சுடவும் முடியாது. சுட்டால் கை தளரும். கை தளர்ந்தால் கூடமே போகும்.

அண்ணனுக்கு அடுத்த நிலையில் இருந்தவர் முன்னால் வந்தார். "சார், நான் போறேன். நான் வேகமாப் பாஞ்சு புடிச்சுருவேன்."

"வேகமாப் போனா பயந்துருவான். பயந்தா கையை விட்ருவான். வேகமே வேணாம்" என்றான் அண்ணன். சமையல்காரரிடம் திரும்பி, "அண்ணே, உங்க மேல்சட்டையும் ஏப்ரனும் குடுங்க. டீயும் போடுங்க" என்றான்.

சட்டை அவனுக்குச் சின்னது. கை முழங்கையோடு நின்றுவிட்டது. ஈரத் தலையைத் துடைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டான். தட்டில் ஒரு டம்ளர் டீயும் கொஞ்சம் பிஸ்கட்டும். குழுவில் மற்றவர்கள் மேல்தளத்தில் இடம் பிடித்துக் காத்திருந்தார்கள். ரேடியோக்காரர் கூடத்தின் கதவிடுக்கில் படுத்துக்கொண்டார்.

அண்ணன் நடந்தான். பயணிகளுக்கு நடுவே, தரையில் நீட்டியிருந்த கால்களைத் தாண்டித் தாண்டி, டீ சிந்தாமல், அவனுக்கே உரிய அந்த நடையில் நடந்தான். விசையை வைத்திருந்தவன் ஒருமுறை பார்த்தான். அலுப்போடு பார்வையைத் திருப்பிக்கொண்டான். இத்தனை மெதுவாக வருகிற ஒருவனைக் கண்டு யாருக்குத்தான் பயம் வரும்? கதவிடுக்கில் இருந்தவருக்கோ நெஞ்சு அடித்த அடியில் தரையே அதிர்வதுபோல இருந்ததாம். தட்டு மேஜைமேல் உட்கார்ந்தது. அண்ணன் குனிந்தான். அடுத்த கணம் அவனுடைய வலதுகை, விசையைப் பிடித்திருந்த கையை அப்படியே மூடிக்கொண்டது.

"புடிச்சாச்சு!" என்றார் ரேடியோக்காரர், ரேடியோவில்.

மேல்தளத்தில் பட்பட்டென்று சத்தம், கத்தல், ஓட்டம். சீட்டுக்கட்டு கையில் இருந்தபடியே ஒவ்வொருவனாகக் குப்புறக் கிடந்தார்கள். மேஜைமேல் டீ இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

கீழே இருவரும் மல்லுக்கட்டினார்கள். அவன் திமிறினான், கடித்தான். அண்ணன் கையை மட்டும் விடவில்லை.

"யார்ரா நீ?"

"டீ கொண்டு வந்தேன்."

"டீ கொண்டு வர்றவன் கை இப்படி இருக்காது!"

"உன் கையும்தான் நடுங்குது. ரெண்டு பேருமாச் சேர்ந்தே புடிச்சுக்கலாம்."

ரேடியோக்காரர் பயணிகளை வெளியேற்றினார். எல்லோரும் அழுதுகொண்டே படகுகளுக்கு ஓட, ஒரு பெரியவர் மட்டும் திரும்பிவந்து, "தம்பி, என் பெட்டியை எடுத்துக்கவா?" என்று அண்ணனைக் கேட்டாராம். "அந்தப் பெட்டி மட்டும் வேணாங்க ஐயா, மத்தது எதுவேணா எடுத்துக்கோங்க" என்றானாம் இவன்.

பிறகு அந்தப் பெரிய கூடத்தில் இரண்டே பேர். குண்டைச் செயலிழக்கவைக்கும் நிபுணர் பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டும். ரேடியோக்காரர் போகமாட்டேன் என்று கதவருகில் உட்கார்ந்துகொண்டார். போ என்று அண்ணன் உத்தரவே போட்டான். "வயர்லெஸ் கோளாறு சார், ஒண்ணும் கேக்கல" என்றார் இவர், நேருக்கு நேர் நின்றுகொண்டு.

விசையைப் பிடித்திருந்தவன் இளைஞன். வெறி அடங்கின பிறகு பயம் வந்தது. வியர்த்துக்கொட்டியது. அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தான்.

"எப்ப சாப்பிட்டே?"

அண்ணன் இடதுகையால் பிஸ்கட்டை எடுத்து டீயில் நனைத்து நீட்டினான். அவன் முகத்தைத் திருப்பினான். கொஞ்ச நேரம் கழித்து வாயைத் திறந்தான். இரண்டாவதும் தின்றான்.

"சர்க்கரை கம்மி" என்றான்.

"சமையக்காரர் பயத்துல போட்டது. விட்ரு."

அதற்குப் பிறகு அவன் திமிறவில்லை. நிபுணர் வந்து பெட்டியைத் திறந்து, கம்பியைத் தேடி வெட்டி, "சார், கையை எடுக்கலாம்" என்றபோது அண்ணனால் எடுக்க முடியவில்லை. விரல்கள் பூட்டிக்கொண்டன. டாக்டர் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

அடுத்த வாரம் வலதுகையில் பெரிய கட்டோடு வீட்டுக்கு வந்தான். அம்மா பதறினாள்.

"என்னடா இது?"

"கதவுல மாட்டிக்கிச்சும்மா."

"கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு? கதவைக்கூடப் பாத்துச் சாத்தத் தெரியாதா?" அம்மா பிசைந்து ஊட்டிவிட்டாள். அவன் பாவமாகச் சாப்பிட்டான்.

மறுநாள் அவனைப் பார்க்க ஒருவர் வந்தார். ஒல்லியாக, காது கொஞ்சம் விடைத்து. அவர்தான் ரேடியோக்காரர். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். அம்மா அவருக்குக் காபி கொடுத்துக்கொண்டே, "அந்தக் கதவுல மாட்டினப்போ நீங்களும் கூட இருந்தீங்களா தம்பி?" என்று கேட்டாள்.

"கதவா? எந்தக் கதவும்மா? அந்தக் குண்டுக்காரன் கையை..." என்று ஆரம்பித்தவர் எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். ஆனால் யார் விட்டார்கள்? அப்பா கதவைத் தாழ் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். முழுக்கதையும் வந்தது. அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தாள், நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். அப்பா எழுந்தார்.

"இவன்தானா என் வண்டியை ஊரைச் சுத்த வெச்சது!" என்று சொல்லிவிட்டு அவனைக் கட்டிக்கொண்டார். அதற்கு முன்னால் அவர் யாரையும் கட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அந்த ரேடியோக்காரரைத்தான் பிறகு நான் கல்யாணம் செய்துகொண்டேன். ரகசியம் காக்கத் தெரியாத மனிதர் வீட்டுக்கு நல்லது என்று பட்டது. எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும்.

படையின் மிக உயர்ந்த மெடலை அந்த வருடம் அவனுக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மெடல்கள் வரிசையாக வந்தன. பனிமலையில் விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து விமானியைத் தோளில் சுமந்து இறக்கியதற்கு ஒன்று, எல்லையில் காலில் குண்டு பாய்ந்த பிறகும் குழுவைக் கரைசேர்த்ததற்கு ஒன்று. எல்லாவற்றையும் அம்மா துணி அலமாரியில் கம்பளிக்கு நடுவில் வைத்திருந்தாள்.

எல்லாம் ஏறுமுகமாகவே போனது என்று சொன்னால் பொய். பிரிகேடியராக இருந்தபோது ஒரு தொழிற்சாலையைச் சிலர் பிடித்துவைத்திருந்தார்கள். உள்ளே தொழிலாளர்கள். பத்திரிகைக்காரர்கள் வெளியே குவிந்திருந்தார்கள். மேலிடத்திலிருந்து வந்த பெரிய மனிதர் அண்ணனிடம், "ஏன் இன்னும் காத்துக்கிட்டிருக்கீங்க? உங்க ஆளுங்களுக்குப் பயமா?" என்று கேட்டார்.

"உள்ள ரசாயனத் தொட்டி இருக்கு சார். ஒரு தோட்டா பட்டாப் போதும். அவங்க தண்ணி கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. தண்ணி கேக்குறவன் பேச வருவான். காத்திருப்போம்."

"இது உத்தரவு."

"அப்ப வேற ஆளைப் பாத்துக்கோங்க சார்."

வேறு ஆளைப் பார்த்தார்கள். வந்தவரும் தொட்டியைப் பார்த்தார், அவரும் காத்திருந்தார். பிடித்துவைத்திருந்தவர்கள் பேச வந்தார்கள், சரணடைந்தார்கள், ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஆனால் அண்ணனைத் தூக்கித் துணிக்கிடங்கில் போட்டார்கள். மலை மலையாகச் சாக்ஸ், பூட்ஸ், போர்வை. நான் போய்ப் பார்த்தேன். போர்வை அடுக்குக்கு நடுவே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான்.

"எப்படிண்ணே பொறுத்துக்கற? எனக்கே பத்திக்கிட்டு வருது!"

"இங்க யாரும் சாகறதில்ல. நல்லாத் தூக்கம் வருது" என்றான். ஆனால் அவன் இளைத்திருந்தான். என்னை வழியனுப்ப வந்தவன், வானத்தில் பயிற்சி விமானம் போன சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான். அது மறைந்த பிறகும் பார்த்தான்.

அவனைத் திரும்ப அழைத்துவந்தது ஒரு போர். எங்கள் நாட்டுப் போர் அல்ல. வெளிநாட்டு நகரம் ஒன்றில் திடீரென்று சண்டை மூண்டது. நம்மவர்கள் ஏராளமாக அங்கே மாட்டிக்கொண்டார்கள். நர்ஸ்கள், கட்டட வேலைக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள். விமான ஓடுதளத்தில் குண்டு போட்டுப் பள்ளமாக்கிவிட்டார்கள். யார் போவது என்று கேள்வி வந்தபோது, சிறப்புப் படையில் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்களாம். "நத்தையைக் கூப்பிடுங்க."

போனான். ஓடுதளம் இல்லையென்றால் என்ன, ஊருக்கு வெளியே அகலமான நெடுஞ்சாலை இருக்கிறதே என்றான். முதலில் பாராசூட்டில் இறங்கின அவன் ஆட்கள் விளக்குக் கம்பங்களை அறுத்துச் சாய்த்தார்கள். பட்டப்பகலில், இருபுறமும் பீரங்கி முழங்க, ராட்சத விமானம் தார்ச்சாலையில் இறங்கியது. டயர் புகைய நின்றது. ஊருக்குள்ளிருந்து ஆட்களைக் கொண்டுவரப் பஸ்கள் இருந்தன, ஓட்டுநர்கள் ஓடிப்போயிருந்தார்கள். பிரிகேடியர் ஒருவர் முதல் பஸ்ஸின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். அப்பாவின் மகன்! பின்னாலேயே அவன் ஆட்கள் மற்ற பஸ்களை எடுத்தார்கள். போனான், ஏற்றினான், இறக்கினான், மறுபடியும் போனான். கண்ணாடி உடைந்தது, ஒரு பக்க டயர் போனது, பஸ் நிற்கவில்லை. கடைசிப் பயணத்தில், இனி முடியாது என்று விமானி கதவை மூடப்போனபோது, சாலை முனையில் சரிந்து சரிந்து ஒரு பஸ் வருவதைப் பார்த்தாராம். நோயாளிகளும் நர்ஸ்களுமாக உள்ளே ஒரு ஆஸ்பத்திரியே இருந்தது.

நம் மண்ணில் அவர்கள் இறங்குவதை நாங்கள் டிவியில் பார்த்தோம். முதல்முறையாக அவன் முகம் திரையில். கரி பூசின மாதிரி இருந்தது. ஒரு நர்ஸ் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சோபாமேல் ஏறிக் குதித்தேன். என் வயதுக்கு அது தேவையில்லை என்றார் என் கணவர். அவரும் குதித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று மாலை போனில் பேசினபோது அப்பா கேட்டது ஒரே கேள்வி.

"வளைவுல கியரைக் குறைச்சியா?"

"குறைச்சேன்பா."

"அதுதான்."

அதற்குப் பிறகுதான் ஜெனரல். மொத்தச் சிறப்புப் படைக்கும் தலைவன். மெடல் குத்தும்போது நெஞ்சில் இடம் தேடவேண்டியிருந்தது, நாங்களே பார்த்தோம்.

ஓய்வுபெறும் வாரத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களோடு கடைசியாக ஒருமுறை விமானத்திலிருந்து குதிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தான். டாக்டர் வேண்டாம் என்றார். "நான் கேக்கல, சொல்றேன்" என்றான். நானும் என் கணவரும் இறங்குதளத்தில் காத்திருந்தோம். விமானம் தலைக்குமேல் வந்தது. பொட்டுப் பொட்டாகக் குதித்தார்கள், குடைகள் மலர்ந்தன. திடீரென்று காற்று திரும்பியது. புதியவர்கள் எல்லாம் தளத்திலேயே இறங்க, கடைசியாகக் குதித்த கனத்த ஆள் ஒருவர் மட்டும் மிதந்து மிதந்து சாலைக்கு அப்பால் போனார்.

"ஐயோ, அது அண்ணன்!" என்று நான் கத்தினேன். ஜீப்பில் பாய்ந்து ஏறினோம். என் கணவர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், பதிலே இல்லை. கட்டடங்களுக்குப் பின்னால் குடை மறைந்ததைப் பார்த்தபோது எனக்கு உயிரே இல்லை.

அது ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். உள்ளே கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது. நடு மைதானத்தில் வந்து விழுந்திருக்கிறான். நடுவர் அம்மாள் கண்டிப்பானவர். விசில் ஊதி, நேராக அவனிடம் ஓடி, மஞ்சள் அட்டையைக் காட்டியிருக்கிறார். ஜெனரல் விறைத்து நின்று சல்யூட் அடித்திருக்கிறான். மைதானம் முழுக்க விசிலும் கைதட்டலும்.

நாங்கள் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் மறுபடியும் தொடங்கியிருந்தது. அவன் எல்லைக்கோட்டுக்கு வெளியே, பாராசூட் துணியைச் சுருட்டி அதன்மேல் உட்கார்ந்திருந்தான். முழங்காலில் சிராய்ப்பு.

"அடி பட்டுச்சாண்ணே? ஏன் பதில் பேசல? எங்க உயிரை எடுக்கிறியே!"

"சும்மா இரு, ரெண்டுக்கு ரெண்டு. கடைசி நிமிஷம்" என்றான். மைதானத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு எழுந்து நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, "கோல்கீப்பரம்மா! எடது பக்கம் பாரு, எடது பக்கம்!" என்று கத்தினான்.